ஏவும் நாளின் நீண்ட காலை: மாணவர் ராக்கெட்டுகள் விண்வெளியைத் தொடுவது எப்படி

2018 செப்டம்பர் 29 அன்று, அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலுள்ள பிளாக் ராக் பாலைவனத்திலிருந்து, தெற்கு கலிஃபோர்னியப் பல்கலைக்கழக மாணவர்கள் டிராவலர் 3 என்ற ராக்கெட்டை ஏவினார்கள். மோட்டார் பற்றிக்கொண்டது, ராக்கெட் மேலெழுந்து கண்ணுக்கு மறைந்தது. விண்வெளியின் எல்லையாகக் கொள்ளப்படும் 100 கிலோமீட்டர் உயரத்தை அது கடந்திருக்கவும் கூடும். ஆனால் கடந்ததா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. உயரத்தையும் வேகத்தையும் பதிவு செய்து, உச்சியில் பாராசூட்டை வெளியே தள்ளவேண்டிய மின்னணுக் கருவிப் பெட்டி, ஏவுவதற்கு முன் இயக்கிவைக்கப்படவில்லை. அதனால் தரவும் பதிவாகவில்லை, பாராசூட்டும் விரியவில்லை.

இதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், 2018 ஜூலை 26 அன்று, நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் ஸ்பெயினின் எல் அரினோசில்லோ தளத்திலிருந்து ஸ்ட்ராட்டோஸ் 3 என்ற தங்கள் ராக்கெட்டை ஏவியிருந்தார்கள். அது புறப்பட்ட 20 விநாடிகளில் வானிலேயே உடைந்து சிதறியது. ஆனால் உடையும் வரை அதன் கருவிகள் வேலை செய்துகொண்டிருந்தன. அந்தத் தரவை வைத்து, ராக்கெட் தன் அச்சில் சுழன்ற சுழற்சியும் அதன் மூக்கு பக்கவாட்டில் ஆடிய ஆட்டமும் ஒன்றையொன்று தூண்டிப் பெருகியதே காரணம் என்று மாணவர்கள் கண்டறிந்தார்கள். வேடிக்கை பார்த்தவர்களுக்கு டெல்ஃப்ட் ராக்கெட் தோல்வியாகவும், நெவாடா ராக்கெட் வெற்றியாகவும் தெரிந்திருக்கும். சோதனை என்ற கணக்கில் நிலைமை தலைகீழ். உடைந்துபோன ராக்கெட் அடுத்த வடிவமைப்பில் எதைத் திருத்தவேண்டும் என்று சொல்லிவிட்டது. நன்றாகப் பறந்த ராக்கெட் எதையும் சொல்லாமலே போய்விட்டது.

மாணவர் ராக்கெட் அணியின் ஏவுதல் நாளைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது என்று நினைக்கிறேன். காணொளிகளில் நாம் பார்ப்பது சில விநாடி நெருப்பையும் புகையையும்தான். அந்தச் சில விநாடிகளுக்குப் பொருள் உண்டா என்பது அதற்கு முந்தைய பல மணி நேரத்தில், ஒரு திருகாணியைத் திருகினார்களா, ஒரு கருவியின் ஒலியைக் காதுகொடுத்துக் கேட்டார்களா என்பன போன்ற சிறு செயல்களில் முடிவாகிவிடுகிறது.

தெற்கு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ராக்கெட் உந்துவிசை ஆய்வகம் 2005இல் தொடங்கப்பட்டது. ஆய்வகம் என்ற பெயர் இருந்தாலும் அதை நடத்துபவர்கள் பெரும்பாலும் இளநிலைப் பட்டப்படிப்பு மாணவர்கள்தாம். மாணவர்களே வடிவமைத்து மாணவர்களே கட்டிய ராக்கெட்டை முதன்முதலாக விண்வெளிக்கு அனுப்பவேண்டும் என்பதே தொடக்கத்திலிருந்து அவர்களுடைய இலக்கு. 2013இல் ஏவப்பட்ட டிராவலர் 1, 2014இல் ஏவப்பட்ட டிராவலர் 2 ஆகிய இரண்டும் தோற்றன. அதன்பின் அணி ஒரு படி கீழிறங்கி, ஃபாத்தம் என்ற சிறிய ராக்கெட்டைக் கட்டத் தொடங்கியது. 2017 மார்ச்சில் ஃபாத்தம் 2 ஏறக்குறைய 44 கிலோமீட்டர் உயரத்தை எட்டி அன்றைய மாணவர் சாதனையாயிற்று. அதற்கு முந்தைய சாதனை, 2016 நவம்பரில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழக மாணவர்கள் ஸ்வீடனிலிருந்து ஏவிய ஹீரோஸ் 3 எட்டிய 32 கிலோமீட்டர். பெரிய ராக்கெட் இருமுறை தோற்றபின் மூன்றாவது பெரிய ராக்கெட்டைக் கட்டும் ஆசையை அடக்கிக்கொண்டு சிறியதற்குத் திரும்பிய அந்த முடிவுதான், இந்த அணியின் வரலாற்றிலேயே முதிர்ச்சியான முடிவு என்பது என் கருத்து.

2005க்கும் டிராவலர் 3க்கும் இடையே 13 ஆண்டுகள். ஒரு மாணவர் அணியில் இருப்பது அதிகம் போனால் நான்கு ஆண்டுகள். எரிபொருளை எந்தப் பதத்தில் கலக்கவேண்டும், எந்த இணைப்பு அடிக்கடி தளரும், எந்த பேட்டரி குளிரில் சோர்ந்துபோகும் என்பதையெல்லாம் கைப்பழக்கமாக அறிந்தவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். முதலாண்டு மாணவர்கள் வந்து சேர்கிறார்கள். நிறுவனங்களில் இருபது ஆண்டு அனுபவமுள்ள ஒரு மூத்த பொறியாளரின் நினைவில் இருப்பது, இங்கே தாளில் எழுதப்பட்டால்தான் உண்டு. ஆகவேதான் மாணவர் அணிகளில் சரிபார்ப்புப் பட்டியலுக்கு அவ்வளவு மதிப்பு. அதன் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும், முன்பு எப்போதோ யாரோ பட்ட பாடு ஒன்று இருக்கும். அந்த வரியை எழுதியவரை இன்றைய அணியில் யாருக்கும் தெரிந்திருக்காது. வரி மட்டும் நின்று காக்கிறது.

டிராவலர் போன்ற ராக்கெட்டின் மோட்டாரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். இவை திட எரிபொருளால் இயங்குபவை. ஆக்சிஜனைத் தரும் அம்மோனியம் பெர்குளோரேட் உப்பு, எரியும் அலுமினியத் தூள், இரண்டையும் பிணைத்துத் தானும் எரியும் ஒருவகைச் செயற்கை ரப்பர் ஆகிய மூன்றும் கலந்த குழம்பை அச்சில் ஊற்றி இறுகவைக்கிறார்கள். நடுவில் நீளவாக்கில் ஒரு துளை விடப்படும். நெருப்பு அந்தத் துளையின் சுவரில் பற்றி வெளிநோக்கி எரிந்துகொண்டு போகும். எந்நேரமும் எவ்வளவு பரப்பு எரிகிறதோ அதற்கேற்ப உள்ளே அழுத்தம் உண்டாகும். கலவையில் காற்றுக்குமிழ் தங்கிவிட்டாலோ, இறுகிய எரிபொருளில் மயிரிழை விரிசல் விழுந்தாலோ, நெருப்பு அந்த இடுக்கிலும் புகுந்து எரியும் பரப்பு திடீரெனப் பெருகும், அழுத்தம் எகிறும், உறை வெடிக்கும். திட மோட்டாரை ஒருமுறை பற்றவைத்துவிட்டால் நிறுத்தமுடியாது. குழம்பை வெற்றிடத்தில் வைத்துக் குமிழ் நீக்குவதும், பாலைவனத்தில் மோட்டாரை அசையாமல் கட்டிவைத்து எரித்துப் பார்க்கும் நிலைச் சோதனையும் இதற்காகத்தான். அந்தச் சோதனைகளைத் தாண்டிய மோட்டார்தான் ஏவுதளத்துக்கு வருகிறது என்றாலும், பறக்கப்போவது சோதிக்கப்பட்ட மோட்டார் அல்ல, அதே முறையில் புதிதாக வார்க்கப்பட்ட இன்னொன்று என்பதை மறக்கக்கூடாது.

ஏவும் இடமும் எளிதில் அமைவதில்லை. பிளாக் ராக் பாலைவனம் மிகப் பழங்காலத்தில் ஏரியாக இருந்து வற்றிய படுகை. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,190 மீட்டர் உயரத்தில், புல் பூண்டில்லாமல், வெடித்துக் காய்ந்த உவர்மண் தரையாகப் பரந்து கிடக்கிறது. 1997இல் தரையில் ஓடும் வாகனம் ஒன்று முதன்முறையாக ஒலியின் வேகத்தைத் தாண்டியது இங்கேதான். 2004 மே 17 அன்று, மாணவரல்லாத ஆர்வலர் குழு ஒன்று ஏவிய கோஃபாஸ்ட் என்ற ராக்கெட், அரசும் வணிக நிறுவனமும் சாராத முதல் விண்வெளிப் பயணத்தை இங்கிருந்துதான் மேற்கொண்டு சுமார் 116 கிலோமீட்டர் உயரத்தைத் தொட்டது. இந்த மண்ணின் அருமை அதன் வெறுமையில் இருக்கிறது. 140 கிலோமீட்டர் உயரம் செல்லும் ராக்கெட், மோட்டார் அணையும் நேரத்தில் செங்குத்திலிருந்து ஒரே ஒரு டிகிரி சாய்ந்திருந்தாலும், காற்றின் விளைவைக் கணக்கில் சேர்க்காமலே, ஏறக்குறைய 10 கிலோமீட்டர் தள்ளிப் போய் விழும். ஐந்து டிகிரி சாய்ந்தால் ஐம்பது கிலோமீட்டர். அது விழக்கூடிய வட்டத்துக்குள் ஊரோ நெடுஞ்சாலையோ இருக்கக்கூடாது.

அந்த வட்டத்தைக் கணக்கிட்டுக் காட்டுவது அணியின் பொறுப்பு. அமெரிக்காவில் இந்த அளவுள்ள ராக்கெட்டுகள், கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் விதிகளில் மூன்றாம் வகை ஆர்வலர் ராக்கெட்டுகளாக வகைப்படுத்தப்படுகின்றன. ஏவுவதற்குக் குறைந்தது 45 நாள்களுக்கு முன் விண்ணப்பிக்கவேண்டும். ராக்கெட் எங்கெல்லாம் விழக்கூடும், அதன் நிலைத்தன்மை எப்படி, உச்ச உயரம் எவ்வளவு என்பனவற்றையெல்லாம் எழுதிக்கொடுக்கவேண்டும். அனுமதி கிடைத்தால், குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட சில மணி நேரத்துக்கு அந்த வான்பகுதி விமானங்களுக்கு விலக்கப்படுகிறது. அந்த நேரம் தவறினால் மீண்டும் வரிசையில் நிற்கவேண்டும். இந்த நெருக்கடி சிறிதல்ல. வகுப்புகளுக்கும் தேர்வுகளுக்கும் இடையே விடுப்பு எடுத்து, பல நூறு கிலோமீட்டர் வண்டியோட்டி வந்த மாணவர்கள், நேரம் முடியப்போகிறது என்ற அவசரத்தில் எடுக்கும் முடிவுகள்தாம் ஏவுதல் நாளின் உண்மையான ஆபத்து.

பாலைவனத்தில் காற்று அடங்கியிருப்பது விடியலில்தான். வெயில் ஏறினால் தரை சூடாகி, சுழற்காற்று புழுதியைத் தூக்கத் தொடங்கும். அடிப்பகுதியிலுள்ள தட்டையான துடுப்புகளால் நிலைத்தன்மை பெறும் ராக்கெட்டுக்குக் காற்றில் ஒரு வினோதமான சுபாவம் உண்டு: அது காற்றோடு அடித்துச் செல்லப்படுவதில்லை, காற்று வரும் திசையை நோக்கித் தலையைத் திருப்புகிறது. ஏவு தண்டவாளத்தை விட்டு வெளிவரும் கணத்தில் வேகம் குறைவாக இருப்பதால் அந்தத் திருப்பம் அப்போதுதான் அதிகம். மேலே சொன்ன ஒரு டிகிரி அங்கேதான் பிறக்கிறது. ஆகவே தண்டவாளம் போதிய நீளம் உடையதாக இருக்கவேண்டும். காற்று அளவோடு இருக்கவேண்டும். ஆர்வலர் ராக்கெட்டுகளுக்கான அமெரிக்கப் பாதுகாப்பு நெறி, காற்று மணிக்கு 32 கிலோமீட்டரைத் தாண்டினால் ஏவக்கூடாது என்கிறது.

அதனால் வேலை இருட்டோடே தொடங்கும். படுக்கவைத்த ராக்கெட்டின் பாகங்கள் ஒன்றோடொன்று பொருத்தப்படுகின்றன. ஒருவர் பட்டியலை உரக்கப் படிக்க, ஒருவர் செய்ய, மூன்றாமவர் பார்த்து உறுதி சொல்கிறார். பாராசூட்டை மடிப்பது, அதைத் தள்ளும் சிறு வெடிமருந்துப் பொதியை இணைப்பது, பேட்டரியின் மின்னழுத்தத்தை அளப்பது, துடுப்புகளின் ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கையொப்பம். பிறகு ராக்கெட்டைத் தண்டவாளத்தில் ஏற்றி நிமிர்த்துகிறார்கள். நிமிர்த்தியபின் தேவையில்லாதவர்கள் எல்லோரும் தளத்தை விட்டு விலகவேண்டும். இரண்டு மூன்று பேர் மட்டும் மிஞ்சுவார்கள்.

இப்போதுதான் மின்னணுக் கருவிகளை இயக்கும் வேளை. இதை ஏன் முன்பே, நிதானமாகக் கூடாரத்திலேயே செய்துவிடக் கூடாது என்று கேட்கத் தோன்றும். அந்தக் கருவிகளின் வேலையே வெடிமருந்தைப் பற்றவைப்பதுதான். இயங்கிக்கொண்டிருக்கும் கருவியோடு ராக்கெட்டைத் தூக்கிச் செல்லும்போது ஓர் அதிர்ச்சியையோ காற்றழுத்த மாற்றத்தையோ அது பறத்தல் என்று தவறாகப் புரிந்துகொண்டால், சுமப்பவர்களின் முகத்துக்கு அருகே பொதி வெடிக்கும். ஆகவே ராக்கெட் நிமிர்ந்து நின்றபின்தான் கருவிகளை இயக்கவேண்டும் என்பது நெறி. மோட்டாரைப் பற்றவைக்கும் இக்னைட்டரோ எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் பொருத்தப்படும். அதன் கம்பிகளில் தவறி மின்சாரம் பாய்ந்துவிடாதபடி முனைகளைச் சேர்த்து முறுக்கிவைத்திருப்பார்கள்.

ஏணியில் ஏறி நிற்கும் மாணவர், ராக்கெட்டின் உடலிலுள்ள சிறு துளை வழியே திருப்புளியை நுழைத்துத் திருகாணி ஒன்றைத் திருகுகிறார். உள்ளே கருவி உயிர் பெற்று விட்டுவிட்டு ஒலிக்கத் தொடங்குகிறது. இந்த வகைக் கருவிகளுக்குத் திரை கிடையாது. எத்தனை பீப் ஒலி, எவ்வளவு இடைவெளியில் என்பதே அவற்றின் மொழி. பேட்டரி போதுமா, முதல் பொதியின் மின்சுற்று முழுமையாக இருக்கிறதா, இரண்டாம் பொதியினுடையது எப்படி என்று ஒலியாலேயே சொல்லும். பாலைவனக் காற்றின் இரைச்சலில், கார்பன் இழை உடலில் காதை ஒட்டவைத்து அந்த ஒலிகளை எண்ணித்தான் ராக்கெட் தயார் என்று அறிவிக்கிறார்கள். கீழே நிற்பவரும் எண்ணவேண்டும்; இரண்டு எண்ணிக்கையும் ஒத்துவரவேண்டும். பெரிய அணிகள் வானொலி வழியாகத் தரைக் கணினியிலும் கருவியின் நிலையைப் பார்த்துக்கொள்கின்றன.

டிராவலர் 3இல் தவறவிடப்பட்டது இந்தப் படிதான். பாதுகாப்புக்காக ஏற்பட்ட நெறியே இந்தத் தவறுக்கும் இடம்தருகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். மிக முக்கியமான செயல், மிகக் குறைந்த ஆள்கள் இருக்கும்போது, ஏணியின்மேல், மிகவும் அவசரமான நேரத்தில் செய்யப்படவேண்டியதாகிறது. நெறியைத் தளர்த்துவது இதற்குத் தீர்வாகாது. ஆளைக் குறை சொல்வதும் ஆகாது. கருவி இயங்குகிறது என்ற செய்தி கட்டுப்பாட்டு இடத்துக்கு வந்து சேராதவரை ஏவும் பொத்தானைத் தொடக்கூடாது என்ற கட்டாயத்தை முறைக்குள்ளேயே வைப்பதுதான் தீர்வு. நம்பிக்கையாகச் சொன்ன 'ஆயிற்று' என்ற சொல்லையும் அளந்து பார்த்த உறுதியையும் ஏவுதல் நாளில் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

தளத்தில் இருந்தவர்கள் விலகிய பிறகு, ஒவ்வொரு பிரிவின் பொறுப்பாளரும் தயார் என்றோ இல்லை என்றோ வரிசையாகச் சொல்கிறார்கள். ஒருவர் இல்லை என்றாலும் ஏவுதல் நிற்கும். முதலாண்டு மாணவர் ஒருவர் இறுதியாண்டுத் தலைவரின் முகத்துக்கு நேரே நிறுத்துங்கள் என்று சொல்லமுடிகிற அணிதான் நல்ல அணி. கவுண்ட்டவுன் முடிந்து பொத்தானை அழுத்தியும் பற்றவில்லையென்றால் உடனே ஓடிப்போய்ப் பார்க்கக்கூடாது. மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். சிறிய ராக்கெட்டுகளுக்கே ஒரு நிமிடம் காத்திருக்கவேண்டும் என்கிறது பாதுகாப்பு நெறி. பெரியவற்றுக்கு அதைவிட நேரமாகும்.

பறத்தல் மிக விரைவாக நடந்துமுடிகிறது. இதே தெற்கு கலிஃபோர்னிய அணி 2024 அக்டோபர் 20 அன்று பிளாக் ராக் பாலைவனத்திலிருந்து ஏவிய ஆஃப்டர்ஷாக் 2 ராக்கெட்டின் கணக்கைப் பார்க்கலாம். நீளம் சுமார் 4.3 மீட்டர், எடை ஏறக்குறைய 150 கிலோகிராம். புறப்பட்ட இரண்டு விநாடிகளில் அது ஒலியின் வேகத்தைத் தாண்டியது. அதாவது, உள்ளேயிருந்த ஒவ்வொரு பற்றாசு இணைப்பும் திருகாணியும் தன் எடையைப்போல் சராசரியாக 17 மடங்குக்கும் மேலான இழுப்பைத் தாங்கியது. ஏறக்குறைய 19ஆம் விநாடியில் மணிக்கு சுமார் 5,800 கிலோமீட்டர், அதாவது ஒலியைப்போல் ஐந்தரை மடங்கு என்ற உச்ச வேகத்தை எட்டியது, மோட்டார் அணைந்தது. அதன்பின் அது எறிந்த கல்தான். 85ஆம் விநாடியில் காற்று மண்டலத்தைக் கடந்து, மேலும் 92 விநாடிகள் ஏறி 143 கிலோமீட்டர் உயரத்தில் உச்சத்தைத் தொட்டது. கோஃபாஸ்ட் 2004இல் ஏற்படுத்திய சாதனை இருபது ஆண்டுகளுக்குப் பின் மாணவர் கைக்கு வந்தது.

அந்த வேகத்தில் காற்று நெருப்பாகிவிடுகிறது. ஒலியைப்போல் ஐந்து மடங்கு வேகத்தில், முனைகளில் மோதி நிற்கும் காற்று ஆயிரம் டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறும். கார்பன் இழையைப் பிணைக்கும் பிசின் அதற்கு வெகு முன்பே கருகத் தொடங்கிவிடும். ஆகவே ஆஃப்டர்ஷாக் 2இல் துடுப்புகளின் முன்விளிம்பில் டைட்டானியம் பயன்படுத்தப்பட்டது. உடலுக்கு வெப்பம் தாங்கும் பூச்சு தரப்பட்டது. திரும்பக் கிடைத்த துடுப்புகளில் டைட்டானியம் நீலநிறமாக மாறியிருந்தது. சூட்டில் அதன் மேற்பரப்பில் மிக மெல்லிய ஆக்சைடுப் படலம் உண்டாகி, அந்தப் படலத்தின் தடிமனால் நிறம் தோன்றுகிறது. எந்தப் பகுதி எவ்வளவு சூடாயிற்று என்பதை அந்த நிறத்தைக் கொண்டே ஓரளவு படிக்கலாம். ராக்கெட்டைத் தேடி எடுப்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. வானொலியில் வந்த எண்களில் இந்த நீலம் இருந்திருக்காது.

விண்வெளியை எட்டியதை நிறுவுவதோ எட்டுவதைவிடச் சற்றும் எளிதன்று. காற்றழுத்தமானி முப்பது நாற்பது கிலோமீட்டருக்கு மேல் பயன்படாது. அளக்கப் போதிய காற்று அங்கே இல்லை. ஒலியின் வேகத்தைக் கடக்கும்போது அதிர்வலையால் அது பொய்யான அளவையும் காட்டும். அதை நம்பி ஏறும்போதே பாராசூட்டை விரித்துவிடாதபடி, அந்த விநாடிகளில் அதன் சொல்லைக் கேளாதே என்று நிரலில் எழுதிவைப்பார்கள். பொதுப் பயன்பாட்டு ஜி.பி.எஸ். கருவிகள் பலவும், ஏவுகணைகளில் பயன்படக்கூடாது என்பதற்காக, 18 கிலோமீட்டர் உயரத்துக்கும் மணிக்கு சுமார் 1,850 கிலோமீட்டர் வேகத்துக்கும் மேல் வேலைசெய்யாதபடி முடக்கப்பட்டவை. மிஞ்சுவது முடுக்கமானி, அதாவது வேகம் மாறும் வீதத்தை அளக்கும் கருவி. முடுக்கத்தைக் கூட்டி வேகம், வேகத்தைக் கூட்டி உயரம் என்று கணக்கிடவேண்டும். அதில் ஒரு சதவீதப் பிழை இருந்தால் வேகத்தில் ஒரு சதவீதம், உயரத்தில் இரண்டு சதவீதம் என்று பிழையும் பெருகும். நூறு கிலோமீட்டரில் அது இரண்டு கிலோமீட்டர். எல்லையை நூலிழையில் தாண்டும் ராக்கெட்டுக்கு அந்த இரண்டு கிலோமீட்டரே எல்லாம்.

டிராவலர் 3 போய் ஏழு மாதங்களுக்குள், 2019 ஏப்ரல் 21 காலையில், நியூ மெக்சிகோவிலுள்ள ஸ்பேஸ்போர்ட் அமெரிக்கா தளத்திலிருந்து டிராவலர் 4 ஏவப்பட்டது. நான்கு மீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் விட்டமும் கொண்ட அந்த ராக்கெட், ஒலியைப்போல் ஐந்து மடங்குக்கும் சற்று அதிகமான வேகத்தை எட்டி, பதினோரு நிமிடங்களில் தரை திரும்பியது. இம்முறை கருவிகள் இயங்கின, பாராசூட் விரிந்தது, ராக்கெட் கைக்கு வந்தது. மாணவர்கள் உடனே வெற்றி முழக்கமிடவில்லை. வாரக்கணக்கில் தரவை ஆராய்ந்து, கணக்கிட்ட முறையையும் பிழையின் அளவையும் விளக்கும் அறிக்கையோடு முடிவை வெளியிட்டார்கள்: உச்ச உயரம் 103.6 கிலோமீட்டர், இருபுறமும் ஐந்து கிலோமீட்டர் வரை பிழை இருக்கலாம், விண்வெளியின் எல்லையான 100 கிலோமீட்டர் என்ற கார்மன் கோட்டைத் தாண்டியிருப்பதற்கான உறுதி 90 சதவீதம். பதினான்கு ஆண்டுகள் ஓர் இலக்குக்காக உழைத்துவிட்டு, அதை எட்டிய நாளில் பத்துக்கு ஒன்று எட்டாமலும் இருக்கலாம் என்று தாமே எழுதிவைத்த அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். மாணவர்கள் விண்வெளியைத் தொட்ட முதல் ராக்கெட் என்று டிராவலர் 4 இன்று ஏற்கப்படுவதற்கு அந்த வெளிப்படையான கணக்கே அடிப்படை.

உச்சியில் பாராசூட்டை வெளியிடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. நூறு கிலோமீட்டர் உயரத்தில் பாராசூட்டை விரிக்கக் காற்றில்லை. அது துணிமூட்டையாகக் கூடவே விழுகிறது. கீழே அடர்ந்த காற்றுக்குள் பெரும் வேகத்தில் நுழையும்போது திடீரெனப் பிடித்து இழுக்கப்படும். கயிறும் முடிச்சும் அந்த இழுப்பைத் தாங்கவேண்டும். மூக்குக் கூம்பும் உடலும் பிரிந்து விழுவதால் சீறிப்பாயும் அம்பின் வடிவம் குலைந்து, இறங்கும் வேகம் சற்றே தணியும். தரையைத் தொட்டபின் வானொலிக் குறிப்பொலியைப் பின்பற்றி வண்டிகளில் தேடுகிறார்கள். பிற்பகல் வெயிலில், கானல் மிதக்கும் வெண்தரையில், விடியலுக்கு முன் எழுந்தவர்கள் செய்யும் இந்தத் தேடலும் ஏவுதலின் பகுதிதான். கிடைத்ததை உடனே தூக்கிவிடக் கூடாது: வெடிக்காத பொதி ஏதும் மிச்சமிருக்கிறதா என்று பார்த்து, கருவிகளை அணைத்து, விழுந்து கிடந்த நிலையைப் படமெடுத்த பிறகே கைவைக்கவேண்டும்.

அமெரிக்க விதிகளின்படி ஆர்வலர் ராக்கெட் என்பதற்கு உயரத்தில் ஒரு வரம்பு உண்டு: 150 கிலோமீட்டரைத் தாண்டிச் செல்லக்கூடிய எதுவும் அந்த வகைக்குள் வராது. ஆஃப்டர்ஷாக் 2 எட்டிய உயரத்துக்கும் அந்த வரம்புக்கும் இடையே ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர்தான். அதற்கும் மேலே போக விரும்பும் மாணவர் அணி, பெரிய ஏவுதல் நிறுவனங்கள் பெறவேண்டிய உரிமத்தையோ அதற்கு நிகரான அனுமதியையோ பெறவேண்டியிருக்கும். பாதுகாப்பு ஆய்வு, காப்பீடு, தடம்மாறும் ராக்கெட்டை நடுவானில் செயலிழக்கச் செய்யும் ஏற்பாடு ஆகியவையெல்லாம் அப்போது கேள்வியாக எழும். பாலைவனத்தில் ஏணியும் திருப்புளியுமாக நடக்கும் இந்த வகை ஏவுதலால் எட்டக்கூடிய உயரத்தை மாணவர்கள் ஏறக்குறைய எட்டிவிட்டார்கள்.